ட்ராக் இல்லாத ஊரிலிருந்து ரேஸ் படம் எடுக்கக் கிளம்புகிறவருக்கு

தொண்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கையில் கேனான் 1500டி, 55-250 லென்ஸ் இருக்கிறது. பைக் ரேஸ், கார் ரேஸ் படம் எடுக்க ஆசை. நம்ம மாவட்டத்தில் ட்ராக்கே இல்லை. எங்கே ஆரம்பிப்பது? கடன் வாங்கியாவது தூரத்தை இழுத்துக் காட்டுகிற பெரிய 150-600 லென்ஸ் ஒன்று வாங்கிவிடலாமா?"

தம்பி, லென்ஸ் விஷயத்தைக் கடைசியில் பேசலாம். தேவிபட்டினத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பது என் பிழைப்பு. ரேஸ் படம் பதினொரு வருஷப் பைத்தியம். அதில் ஒரு பைசா சம்பாதித்ததில்லை. தொழில்முறை ஆட்கள் வேறு மாதிரி சொல்லலாம். நான் சொல்வது லீவு நாளில் மட்டும் கேமரா தூக்குகிறவன் பேச்சு.

நம்மிடம் ட்ராக் இல்லை, உண்மைதான். பெரிய ரேஸ் பார்க்க ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கோ, கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோதான் போக வேண்டும். ஆனால் ரேஸ் படத்தில் முக்கால்வாசி வித்தை பேனிங். ஓடுகிற வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பிக்கொண்டே பொத்தானை அமுக்குவது. வண்டி தெளிவாக நிற்கும், பின்னால் இருப்பதெல்லாம் கோடு கோடாக இழுபடும். அதைக் கற்றுக்கொள்ள ரேஸ் பைக் வேண்டியதில்லை.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். உன் இடுப்பு எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதை வண்டியின் வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வண்டி எவ்வளவு தூரத்தில் போகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டரில் போகிற ரேஸ் பைக்கை 30 மீட்டர் தள்ளி நின்று எடுக்கிறாய். 180-ஐ 30-ஆல் வகுத்தால் 6. நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60-இல் வருகிற பஸ்ஸை 10 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அதுவும் 6. பந்தயத்தில் 30-இல் ஓடுகிற மாட்டு வண்டி 5 மீட்டரில் கடந்தால் அதுவும் 6. மூன்றுக்கும் இடுப்பு திரும்புகிற வேகம் ஒன்றுதான். இது புரிந்த அன்றைக்குத்தான் எனக்குச் சென்னை போகவில்லையே என்கிற ஏக்கம் பாதி குறைந்தது.

அதனால் முதல் இரண்டு மாசம் பஸ்தான் உனக்கு ரேஸ் பைக். ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி, வளைவிலும் பாலத்திலும் நிற்காமல், நேரான இடமாகப் பார்த்து நில். பாதம் இரண்டும் பஸ் வரும் திசையைப் பார்க்கக் கூடாது; அது உனக்கு நேரே வந்து கடக்கப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். இடுப்பை மட்டும் முறுக்கி வருகிற பக்கம் திரும்பி, அங்கிருந்தே வ்யூஃபைண்டரில் பிடித்துக்கொண்டு வா. இப்படி நின்றால் படம் எடுக்கிற நொடியில் உடம்பு முறுக்கு அவிழ்ந்து இலகுவாக இருக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள். பொத்தானை அமுக்கியதும் நின்றுவிடாதே. பஸ் கடந்து போன பிறகும் கொஞ்ச தூரம் கூடவே திரும்பு. புதுசாக ஆரம்பிக்கிறவர்கள் படம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். அமுக்கும்போது கை தன்னால் நின்றுவிடுகிறது. வலையை வீசிவிட்டுக் கையைப் பாதியில் நிறுத்தினால் வலை எப்படி விரியும்? அது மாதிரிதான்.

செட்டிங்ஸ்: ஷட்டர் ப்ரையாரிட்டி. அதாவது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை நீ வைப்பாய், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். முதலில் 1/250 விநாடி. பத்துக்கு ஏழு தெளிவாக வந்தால் 1/125-க்கு இறங்கு. அதிலும் பாதி தேறினால் 1/60. 1/30-இல் நூற்றுக்கு ஐந்து வந்தாலே சந்தோஷப்படு. ஃபோகஸை ஏஐ சர்வோவில் (ஓடுகிற வண்டியை விடாமல் தொடர்ந்து ஃபோகஸ் செய்கிற முறை) வைத்து நடுப் புள்ளியை மட்டும் வைத்துக்கொள். ஒன்பது புள்ளியையும் திறந்து விட்டால் கேமரா பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கை ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசரைப் போட்டும் அணைத்தும் எடுத்துப் பார்த்து, உன் லென்ஸுக்கு எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்.

தொடர்ச்சியாகச் சுட்டுத் தள்ளலாம் என்று நினைத்தால், உன் 1500டி விநாடிக்கு 3 படம்தான் எடுக்கும். 180-இல் போகிற பைக் விநாடிக்கு 50 மீட்டர் ஓடுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16 மீட்டருக்கு மேல் போய்விடும். நல்ல இடம் அந்த 16 மீட்டருக்குள் எங்கோ விழுந்திருக்கும். ஆகவே ஒரே க்ளிக், சரியான நொடியில். குறைவான கேமரா வைத்திருப்பவனுக்கு இது சீக்கிரமே கைவந்துவிடும். விநாடிக்கு இருபது எடுக்கிற கேமரா வைத்திருப்பவர்கள் சிலருக்கு இது கடைசி வரை வருவதில்லை. (பொறாமையில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி.)

அடுத்தது வெயில். நம்ம ஊர் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டுகிற உணர்வு) 100 வைத்து 1/60 போட்டால் கேமரா அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் புகுகிற துவாரத்தை, எஃப் 20 வரை சுருக்கிவிடும். அங்கே இரண்டு தொல்லை. படம் மொத்தமாகவே கொஞ்சம் மொழுக்கென்று ஆகும். சென்சாரில் இருக்கிற தூசி எல்லாம் வானத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். காலை எட்டு மணிக்கு முன்னால் எடு, அல்லது சாயங்காலம் நாலரைக்கு மேல் எடு. இல்லையென்றால் வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டுகிற என்டி ஃபில்டர் ஒன்று வாங்கு. உன் லென்ஸுக்கு 58 மில்லிமீட்டர் அளவு. என்டி 8 போட்டால் எஃப் 20 இருந்த இடம் எஃப் 7 பக்கம் வந்துவிடும். பெரிய லென்ஸுக்கு முன்னால் நீ செலவு செய்ய வேண்டியது இதற்குத்தான். இதற்கு இன்னொரு உபயோகமும் இருக்கிறது, ட்ராக் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

பின்னணி. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஒரு வருஷம் வீணானது. வாலிநோக்கம் உப்பளத்து ரோடு கண்ணுக்கு அவ்வளவு அழகு. அங்கே போய் பைக்கில் போகிறவர்களைப் பேனிங் எடுத்தால் ஒன்றுமே தெரியாது. பின்னால் வெறும் வெள்ளை வெளி. இழுபட அங்கே என்ன இருக்கிறது? பைக்காரர் நின்றுகொண்டிருப்பது போலவே இருப்பார். கடலைப் பின்னால் வைத்தாலும் அதே கதை. வேகம் தெரிய வேண்டுமென்றால் பின்னால் நெடுக்காக நிற்கிற பொருள் வேண்டும். வரிசைப் பனை, தென்னை, கடைத்தெரு போர்டுகள், கூட்டத்தின் வண்ணச் சட்டைகள். சீமைக்கருவேலங்காடு பச்சையாக ஒரே தீற்றலாக வரும், மோசமில்லை. ட்ராக்கில் டயர் சுவரும் விளம்பரப் பலகையும் இதே வேலையைச் செய்யும்.

பஸ் அலுத்துவிட்டால் மாட்டு வண்டிப் பந்தயத்துக்குப் போ. கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர், உன் திருவாடானைப் பக்கம் என்று திருவிழாக் காலத்தில் நடந்துகொண்டே இருக்கும். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக விடுவார்கள். ட்ராக்கில் நீ பார்க்கப்போகிற எல்லாமே இங்கே சின்ன அளவில் இருக்கிறது: கிளம்புகிற நெரிசல், முந்துகிற இடம், சாரதியின் முகம், கடைசிக் கொடி. எங்கே முந்தப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கணிக்கிற பழக்கம் எனக்கு இங்கேதான் வந்தது. சாரதி வண்டியில் எழுந்து முன்னால் சாய்ந்தால் அடுத்த ஐந்து விநாடியில் ஏதோ நடக்கப்போகிறது. ரேஸ் பைக்காரரும் அப்படித்தான். முந்துவதற்கு முன்னால் தலை அந்தப் பக்கம் லேசாக எட்டிப் பார்க்கும்.

ஆனால் ஆபத்தைப் பற்றி இங்கேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். ட்ராக்கில் தடுப்பு இருக்கிறது, கொடிக்காரர் இருக்கிறார். பந்தய ரோட்டில் ஒன்றும் கிடையாது. வண்டியைவிட, பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற பைக் கூட்டம்தான் ஆளைத் தட்டும். கணக்குக்காக 5 மீட்டர் என்று சொன்னேனே தவிர, பனைமரமோ மேடோ முன்னால் இல்லாமல் அவ்வளவு கிட்டத்தில் நிற்காதே. தரையில் நின்றால் 10 மீட்டராவது தள்ளி நில். இடுப்பு பாதி வேகத்தில்தான் திரும்பும், அதனால் ஷட்டரை ஒரு படி குறைத்துக்கொண்டால் பின்னணி அதே அளவு இழுபடும். எல்கையில் வண்டி திரும்புகிற இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதே, மோதல் நடப்பது அங்கேதான். ஃப்ளாஷ் போடவே போடாதே. மாடு மிரண்டால் உன்னால் ஒரு சாரதி விழுவார். போனதும் விழாக் கமிட்டி ஆளிடம் போய், "அண்ணே, படம் எடுக்கலாமா, எங்க நிக்கட்டும்" என்று கேள். அவர் காட்டுகிற இடம் பெரும்பாலும் நல்ல இடமாகவே இருக்கும். எடுத்த படத்தை மாட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. முடிந்தால் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடு. அடுத்த பந்தயம் எங்கே என்று அவரே கூப்பிட்டுச் சொல்வார்.

தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணைப் பக்கம் நடக்கிற பாய்மரப் படகுப் போட்டிக்கும் போகலாம், தப்பில்லை. அது வேறு பாடம். 50 மீட்டர் தள்ளிப் போகிற படகுக்குப் பேனிங் அவ்வளவாகச் செல்லாது. படகு மேலும் கீழும் ஆடுவதால் குறைந்த ஷட்டரில் எல்லாம் கலங்கிவிடும். 1/1000-க்கு மேல் வைத்து, ஆட்கள் காற்றுக்கு எதிராகச் சாய்கிற நொடிக்குக் காத்திரு. தொடுவானத்தை நேராக வைக்கப் பழகு. கிழக்குப் பார்த்த கடல், காலையில் எடுத்தால் பாய் வழியாக வெளிச்சம் ஊடுருவி வரும். ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் தெற்குப் பார்த்த கடல் என்பதால் காலையும் மாலையும் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும். பந்தயம் நடக்கிற இடமெல்லாம் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கிற பழக்கம் இதில் வந்துவிடும்.

நாலைந்து மாசம் கழித்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போ. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ட்ராக் அது. 1990-இல் திறந்தது, 3.717 கிலோமீட்டர் சுற்று, 12 வளைவு. அதற்கு முன்னால் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடந்துகொண்டிருந்தது. எந்த வாரம் என்ன ரேஸ் என்பது இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ வெளியிடுகிற காலண்டரில் இருக்கும். அந்த வாரம் பார்வையாளர்களை விடுகிறார்களா என்பதையும் கேட்டுக்கொண்டு கிளம்பு. ராமநாதபுரத்தில் ராத்திரி ரயில் ஏறினால் விடிகாலை தாம்பரம், அங்கிருந்து பஸ். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டிக்கு மட்டும் போகாமல், சனிக்கிழமை பயிற்சிக்கும் தகுதிச் சுற்றுக்கும் சேர்த்துப் போ. கூட்டம் குறைவு. ஒரே வண்டி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கடக்கும், தப்பைத் திருத்திக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

ட்ராக்குக்குள், தடுப்பு ஓரமாக நிற்க உனக்கு இப்போதைக்கு அனுமதி கிடைக்காது. அதற்கு மீடியா பாஸ் வேண்டும், பத்திரிகையோ அணியோ நடத்துகிறவர்களோ உனக்காகக் கடிதம் தர வேண்டும், விபத்து நடந்தால் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பற்றி வருத்தப்படாதே. பார்வையாளர் பகுதியிலேயே நல்ல படம் இருக்கிறது, அங்கே உன் எதிரி கம்பி வலை மட்டும்தான்.

நான் முதல் தடவை போனபோது இரண்டு ராத்திரி ரயிலில் தூங்காமல் போய், நானூறு படம் எடுத்துக்கொண்டு வந்தேன். எல்லாவற்றிலும் வலை. பைக் ஓடுகிற மாதிரியே இல்லை, மீன் கூண்டுக்குள் கிடக்கிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. லென்ஸை வலையோடு ஒட்டி வைக்க வேண்டும். ஜூமை முழுசாக நீட்ட வேண்டும். அபெர்ச்சரை முழுசாகத் திறக்க வேண்டும். அப்போது வலை கரைந்து காணாமல் போகும். ஆனால் பேனிங்குக்காக ஷட்டரைக் குறைத்ததும் கேமரா அபெர்ச்சரை மூடிவிடுகிறதே? மூடினால் வலை திரும்பத் தெரியும். அந்த என்டி ஃபில்டர் இங்கேதான் கைகொடுக்கும். அதைப் போட்டால் ஷட்டர் மெதுவாகவும் அபெர்ச்சர் திறந்தும் இருக்கும். வெயில் அடிக்கிற வலையைவிட நிழலில் இருக்கிற வலை சீக்கிரம் மறையும் என்பதையும் பார்த்துக்கொள். ஆட்டோ ஃபோகஸ் வலையைப் பிடித்து அடம் பண்ணினால், பைக் கடக்கிற இடத்தில் ட்ராக் ஓரத்துப் பெயிண்ட்டில் ஃபோகஸ் வைத்து, லென்ஸில் எம்எஃப்புக்கு (கையால் ஃபோகஸ் செய்கிற முறை) மாற்றிவிடு. பைக்காரர்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் வருவார்கள்.

எந்த வளைவில் நிற்பது? நேர்ப்பாதையில் நிற்காதே. வேகம் அங்கே அதிகம், படத்தில் ஒன்றும் இருக்காது. நேராகப் போகிற பைக் நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரிதான். மெதுவான வளைவாகப் பார்த்து நில். பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரம் லேசாகத் தூக்கும், உள்ளே சாயும்போது முழங்கால் தரையைத் தொடும். இடம் தெரியாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கேள். எஞ்சின் சத்தம் எங்கே இறங்கி எங்கே மறுபடி ஏறுகிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உன் படம் இருக்கிறது. எஞ்சினோடு பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் சுலபமாக வந்தது.

பக்கவாட்டில் போகிற வண்டியை மட்டும் முதலில் எடு. உன்னை நோக்கிச் சாய்வாக வருகிற பைக்கைக் குறைந்த ஷட்டரில் எடுத்தால் முன்பக்கம் ஒரு வேகத்திலும் பின்பக்கம் ஒரு வேகத்திலும் நகர்வதால் ஏதாவது ஒரு இடம்தான் தெளியும். அந்த இடம் ஹெல்மெட்டாக இருக்க வேண்டும். ஹெல்மெட் கலங்கியிருந்தால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அழித்துவிடு. நேருக்கு நேர் வருகிற வண்டிக்கு 1/1000 போதும். பக்கவாட்டுக்கு 1/1000 வைக்காதே. சக்கரக் கம்பிகூட உறைந்துபோய் ஷோரூமில் நிறுத்திய வண்டி மாதிரி இருக்கும்.

கொடிகளைப் படித்துக்கொள். மஞ்சள் அசைந்தால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ரேஸ் நிறுத்தம். நீலம் காட்டினால் பின்னால் வேகமானவர் வருகிறார், வழி விடு என்று அர்த்தம். அதாவது அங்கே ஒரு முந்தல் படம் காத்திருக்கிறது. நிஜமாகவே ட்ராக் ஓரம் நிற்க ஆசையென்றால் மார்ஷலாக (ட்ராக் ஓரம் நின்று கொடி காட்டிப் பாதுகாப்பைப் பார்க்கிறவர்) தன்னார்வத்தில் சேர முடியுமா என்று கேட்டுப் பார். டியூட்டியில் கேமரா தொட முடியாது. ஆனால் ஒரு சீசன் அப்படி நின்றால் வண்டி எங்கே வழுக்கும், எங்கே பறந்து வரும் என்று தெரிந்துவிடும். பின்னால் பாஸ் கிடைத்து உள்ளே போகும்போது வளைவின் வெளிப்பக்கம் நிற்கக் கூடாது, ஓடுகிற வண்டிக்கு முதுகைக் காட்டக் கூடாது, காதில் பாட்டு மாட்டக் கூடாது என்பதை யாரும் உனக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 கார் ரேஸ் ஓடியதைப் பார்த்துவிட்டுத்தான் பலருக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. அழகுதான். ஆனால் விளக்கு வெளிச்சம், உயரமான வலை, எஃப் 5.6 லென்ஸ் என்று மூன்றும் சேர்ந்தால் ஆரம்பக்காரருக்கு வெறுத்துவிடும். பகல் ரேஸே எடு.

தனுஷ்கோடி ரோட்டைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அரிச்சல்முனை வரை நேராக, இரண்டு பக்கமும் கடலோடு கிடக்கிற அந்த ரோட்டில் பையன்கள் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதை எடுக்காதே. கேமரா நிற்கிறது என்று தெரிந்தால் இன்னொரு தடவை தூக்குவான், எதிரே சுற்றுலா வேன் வரும். ட்ரோன் ஆசையும் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமான தளத்தை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பறக்கவிட்டால் பதில் சொல்லி மாளாது.

உப்புக்காற்று. என்னுடைய முதல் லென்ஸ் பூஞ்சை பிடித்துச் செத்தது. பையிலேயே மூடி வைத்தேன், அவ்வளவுதான் நான் செய்த தப்பு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா உடம்பைத் துடை, அப்புறம் காய்ந்த துணி. காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு உள்ளே வை. சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றும் போட்டால் முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சிலிகா ஜெல்லுக்குப் பதில் அரிசி போடாதே, மாவுத் தூசி உள்ளே போகும். கடற்கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது, அதுவும் ஆடிக் கச்சான் காற்றில்.

சரி, 150-600. வேண்டாம், கடன் வாங்கி வேண்டவே வேண்டாம். உன் கேமராவின் சென்சார் சின்னது என்பதால் 250 மில்லிமீட்டரே 400 அளவுக்கு இழுத்துக் காட்டும். மெதுவான வளைவுக்கும் பார்வையாளர் வலைக்கும் அது போதும். அந்தப் பெரிய லென்ஸ் ஏறக்குறைய இரண்டு கிலோ. பேனிங் கைவராமல் அதைத் தூக்கினால் கலங்கல்தான் பெரிதாகத் தெரியும். ஒரு ரேஸுக்கு மட்டும் வேண்டுமென்றால் சென்னையில் வாடகைக்கு எடு, அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். வாங்குவதாக இருந்தால் இப்போதைக்கு என்டி 8 ஃபில்டர், இன்னொரு பேட்டரி, ஒரு தொப்பி. இருங்காட்டுக்கோட்டைப் பார்வையாளர் பக்கம் நிழலுக்கு ஏங்கிப்போவாய்.